புத்தூர் கட்டு போட்ட ஆலமரம்

மே மாதத்தில் அப்பா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதில் முதல் பதினொரு நாளும் நான் அவரிடம் ஒரே பொய்யைச் சொன்னேன்.

“விழுதுக்குத் தண்ணி ஊத்தினியாமா?”

“ஊத்திட்டேன்பா.”

ஊற்றவில்லை. மரம் இருக்கும் பக்கமே போகவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் இறந்தார். அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

அப்பாவின் பெயர் எல்லப்பன். இறக்கும்போது வயது ஐம்பத்தொன்பது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒன்றரைக் காணி நிலம் இருந்தது. நெல் போடுவார்கள், ஏரி ஏமாற்றிய வருடங்களில் வேர்க்கடலை. நான் ஏழாவது படித்தபோது அது தொழிற்பேட்டைக்குப் போனது. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்பா அதற்காகப் புலம்பி நான் கேட்டதில்லை. “நெலத்துல குனிஞ்சிகினே இருந்தேன். ஸ்டேரிங்ல உக்காந்துகினு கீறேன். முதுகு நல்லா கீது” என்பார்.

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் லாரி ஓட்டினார். 2011-இல் கம்பெனி பஸ்ஸுக்கு வந்தார். கடைசி வரை அதே வேலை, அதே ரூட்.

அவருடைய முதல் நிறுத்தம் எங்கள் ஊர் முனை. அதற்கு ஆலமரம் ஸ்டாப்பிங் என்று பெயர். ஹாஸ்டல் பெண்கள் ஐந்து இருபதுக்கு அங்கே நிற்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லைன் வேலைக்கு வந்தவர்கள். அப்பா இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். மூன்றாவது அடிக்க மாட்டார். ஆனால் கிளம்பவும் மாட்டார். ஒரு பெண் குறைந்தாலும் கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டே இன்ஜினை உறுமவிடுவார். தலையில் துண்டோடு யாராவது ஓடி வருவாள். “வாம்மா மகாராணி” என்பார். அவ்வளவுதான் திட்டு.

அந்த மரத்துக்கு வயது யாருக்கும் தெரியாது. நடுவில் ஆள் நுழையும் அளவு பொந்து இருக்கிறது. அந்தப் பொந்து முன்பு ஒரு பனைமரம். பழம் தின்ற பறவை பனையின் மட்டை இடுக்கில் எச்சமிட்டிருக்கிறது. விதை அங்கேயே முளைத்து, வேரைக் கீழே மண் வரை இறக்கி, பனையைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. பனை செத்து மக்கிப்போனது. பின்னல் மரமாக நிற்கிறது. எங்கள் பக்கத்தில் பாதி ஆலமரங்கள் இப்படித்தான். மண்ணில் முளைக்கும் ஆலைவிட மரத்தின் மேலும் சுவரின் மேலும் முளைக்கும் ஆல்தான் அதிகம். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விரிசலில் அம்மா வருடத்துக்கு இரண்டு ஆலங்கன்றாவது பிடுங்குவாள்.

மரத்தடியில் கோதண்டம் மாமாவின் டீக்கடை. மரத்தைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் கிடையாது. பழக்காலத்தில் மைனாவும் குயிலும் குக்குறுவானும் பகல் முழுக்கக் கத்தும். சிவப்புப் பழங்கள் பாய்லர் மேல் விழுந்துகொண்டே இருக்கும்.

“பூ இல்ல, ஒண்ணில்ல, பழம் மட்டும் கொட்டுது பாரு” என்பார்.

ஒருநாள் அப்பா ஒரு பழத்தைப் பிட்டு அவர் கையில் வைத்தார். “பூ உள்ள கீது. அத்தனையும் பூவுதான். பாரு.” பழத்துக்குள் ஒரு பூச்சி ஊர்ந்தது. எறும்பில் பாதிகூட இல்லை, குளவி இனம். அது உள்ளே நுழைந்தால்தான் ஆலுக்கு விதை பிடிக்கும். ஆலம்பழத்துக்குள்தான் அந்தக் குளவிக்கும் குஞ்சு பொரிக்கும். ஒன்றை விட்டால் இன்னொன்று இல்லை.

“அடப்பாவி, டீல வுழுந்தா?”

“சைவ டீக்கு நீ காசு வாங்கினு கறி டீ குடுக்கிற. அது புண்ணியம்தானே.”

2022 டிசம்பர் புயலில் மரத்தின் கிழக்குக் கிளை ஒன்று முறிந்து பஸ் நிற்கும் இடத்தில் விழுந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு விழுந்தது. ஐந்து இருபதுக்கு விழுந்திருந்தால் பதினெட்டுப் பெண்கள்.

அப்பா அன்று பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நெடுநேரம் மேலே பார்த்தார் என்று கோதண்டம் மாமா சொல்வார். விழுந்த கிளைக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிய கிளை இருந்தது. அடிமரத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்தின் மேலாக நாற்பதடி போகிறது. மேற்குப் பக்கக் கிளைகளுக்கெல்லாம் விழுதுகள் இறங்கித் தூணாக நிற்கின்றன. இந்தக் கிளைக்கு ஒரு விழுதும் தரையைத் தொடவில்லை. குஞ்சம் குஞ்சமாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே மட்டத்தில், கத்தரித்த மாதிரி.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸைக் கழுவக் கூரை மேல் ஏறியபோது அப்பாவுக்குக் காரணம் தெரிந்தது. கூரைக் கம்பியில் பிசின் மாதிரி காய்ந்த ஆலம்பால். அதில் ஒட்டிக்கொண்டு விழுதின் செந்நிற நுனிகள். புதியவை, பழையவை, கருகியவை.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படித்தவள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ். கல்யாணமாகிப் படப்பையில் இருக்கிறேன். அப்பா எந்தக் கணக்கையும் என்னிடம் சரிபார்ப்பார்.

“கிளை பதினஞ்சு அடில கீது. நம்ம வண்டி பதினோரு அடி. விழுது நாலு அடி எறங்குது. அப்பால?”

“அப்பால இன்னாப்பா?”

“அப்பால நான் வரேன். தெனமும் மூணு தடவ. பதினோரு வருசமா அதோட கால நான்தாம்மா வெட்டிகினு கீறேன்.”

இது அவர் மட்டும் செய்த தவறில்லை. அந்த ரோட்டில் நாற்பது கம்பெனி பஸ் போகிறது. எல்லாமே நிழலுக்காகக் கிளைக்கடியில் ஒதுங்குபவை. ஆனால் அப்பா மற்ற முப்பத்தொன்பதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் தை மாதம் அவர் வேலையை ஆரம்பித்தார். கிளையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, பயணிகள் உட்காரும் சிமென்ட் பெஞ்சின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். பஸ் அந்தப் பக்கம் வராமல் இருக்க சுண்ணாம்படித்த இரண்டு பெரிய கற்களைப் போட்டார். படப்பை இரும்புக் கடையில் நாலு அங்குலப் பிவிசி குழாய் பதினைந்து அடி வாங்கி மூன்றாக அறுத்தார். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். மேல் துண்டைக் கிளையோடு சேர்த்துக் கட்டி, தொங்கிய விழுதுகளில் மூன்றை அதற்குள் விட்டு, செம்மண்ணும் சாணி எருவும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பினார். பிளந்த பாதியை மூடி, சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கினார். அதன் கீழ் அடுத்த துண்டு. அதன் கீழ் மூன்றாவது. அடியில் இரண்டடிக்குக் குழி வெட்டி எரு நிரப்பினார்.

காற்றில் தொங்கும் விழுது மழைக்காலத்தில்தான் வளரும், வெயிலில் நுனி காய்ந்து நின்றுவிடும். ஈரமும் இருட்டும் கொடுத்தால் வெயிலிலும் இறங்கும். இதை அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். “தொட்டி வெடிப்புல கத்துக்கினேன். உங்கம்மா புடுங்கப் புடுங்க எறங்குதே” என்றார்.

நான் அப்போது சொன்னேன்: “இதுக்கு வருசக்கணக்கா ஆகும்பா. ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு வெச்சா ஒரு நாள் வேலை.”

“ஸ்டாண்டு துரு புடிக்கும். இது பெருக்கும்.”

கோதண்டம் மாமா டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். “இன்னா எல்லப்பா, மரத்துக்கு புத்தூர் கட்டா? எத்தினி நாள்ல அவுப்ப?”

எலும்பு முறிவுக்குப் போடும் கட்டின் பெயர் மரத்துக்கு நிலைத்துவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட “புத்தூர் கட்டாண்ட எறங்கிக்கோ” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

குழாய்க்கு இன்னொரு பயனும் இருந்தது. ஆலம் விழுதின் இளநுனியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் முடி வளரும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களும் திருநெல்வேலிப் பெண்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஒரே விஷயம். கைக்கு எட்டும் விழுது எதுவும் மிஞ்சாது. என் அம்மா பாஞ்சாலியே அதில் முதல் ஆள்.

“ஒரு பக்கம் நான் வளக்கிறேன், ஒரு பக்கம் இவ ஒடிக்கிறா” என்பார் அப்பா.

“உன் பொண்ணுக்கு இடுப்பு வரிக்கும் முடி எதுல வந்துச்சாம்? பஸ்ஸு டீசல்லயா?” என்பாள் அம்மா.

முதல் வருடம் நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அப்பா பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறி, குழாயின் உச்சியில் குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் என் மனதில் தங்கியது. ஏணி, உச்சி, குடம். பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. தொழிற்சாலையில் புது லைன் வந்தது. ஊருக்குப் போனாலும் பைபாஸ் பக்கமாகப் போய் வந்துவிடுவேன். மரத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் மே ஆறாம் தேதி அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை ஏற்கனவே இருந்தது. நிமோனியா சேர்ந்துகொண்டது. பகலில் அம்மா, ஷிஃப்ட் முடிந்து நான். முதல் நாளே கேட்டார். “இந்த வெயில்ல விழுதுக்குத் தண்ணி ஊத்தணும்மா. ஒரு எட்டு போய்ட்டு வரியா?”

சரி என்றேன். நேரம் இருந்ததா? அரைமணி நேரம் எல்லா நாளும் இருந்தது. ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழ் போய்க்கொண்டிருந்த மனிதர் கேட்கிறார். எனக்கு மரம் முக்கியமாகத் தெரியவில்லை. ஊற்றிவிட்டேன் என்று சொன்னால் அவர் தூங்கினார். எனவே சொன்னேன்.

பதினோராம் நாள் கேள்வி கொஞ்சம் மாறியது.

“ஊத்தினியாமா?”

“ஊத்திட்டேன்பா.”

“மேலயா, கீழயா?”

நான் யோசிக்கவில்லை. “மேலதான்பா. கோதண்டம் மாமா ஏணி குடுத்தாரு.”

அப்பா என்னையே பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். “சரிமா” என்றார். அதன் பிறகு எட்டு நாளும் விழுதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அல்லது நினைவு தப்பத் தொடங்கிவிட்டது என்று. இரண்டில் எது என்று எனக்குத் தெரிவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்தது. வேலைக்குப் போனேன். வேலை சரியாகத்தான் செய்தேன். ஆனால் குளிக்கும்போது தண்ணீரைத் திறந்தால் அந்தக் கேள்வி வந்தது. ஊத்தினியாமா? ஜூன் போனது, ஜூலை போனது. மரத்தைப் பார்க்கப் போகவில்லை. காய்ந்த விழுதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்டில் அம்மா போன் செய்தாள். “கலை, ரோடு அகலம் பண்றவங்கோ வந்து மரத்துல செகப்பு பெயிண்ட்டு அடிச்சிட்டாங்கடி. உங்கப்பா கட்டு போட்ட கிளையத்தான் வெட்டப் போறாங்களாம்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். கிளையின் அடியில் சிவப்பாகப் பெருக்கல் குறி. சாலை வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் ஸ்ரீதர் கோதண்டம் மாமா கடையிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். அடாவடி ஆள் இல்லை.

“மேடம், மரத்த யாரும் தொடல. இந்த ஒரு கிளைதான். மழைக்கு முன்னாடி எடுத்துடணும். நாப்பது அடி, கீழ ஒரு சப்போர்ட் கூட இல்ல. டெய்லி இதுக்கடில எத்தன பேரு நிக்கிறாங்கன்னு நான் எண்ணிட்டேன்.”

அவர் சொன்னதில் தவறில்லை. அப்பா செய்ததும் அதே கணக்குதான்.

“சப்போர்ட் இருந்தா?”

“இருந்தா நான் எதுக்கு வெட்டறேன்? எங்க இருக்கு?”

நான் குழாயைக் காட்டினேன்.

கோதண்டம் மாமா, “அது புத்தூர் கட்டு சார்” என்றார்.

ஸ்ரீதர் சிரிக்கவில்லை. குழாயைச் சுற்றி வந்து பார்த்தார். “உள்ள உயிர் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? செவ்வாக்கிழமை பத்து மணிக்கு ஆளுங்க ரம்பத்தோட வராங்க. நானும் வரேன். தெறந்து காட்டுங்க. மண்ண புடிச்சிருந்தா பேசலாம்.”

அவர் போன பிறகு ஏணி வாங்கி உச்சிக்கு ஏறினேன். குழாயின் மேல் வாயில் விரலை விட்டேன். மண் கல்லாக இறுகி, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. ஒரு பிடி எடுத்துக் கசக்கினேன். புழுதி. மாதக்கணக்கில் தண்ணீர் படாத மண்.

கீழே இறங்கி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா இரண்டரை வருடம் செய்த வேலை. நான் பத்தொன்பது நாளில் காய வைத்தேன். செவ்வாய்க்கிழமை அதை எல்லோர் முன்னாலும் நானே பிளந்து காட்ட வேண்டும். அன்றே கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. கை போகவில்லை.

இரண்டரை மணிக்கு ஓவர்டைம் ஷிஃப்ட் பஸ் வந்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு வெளியே நின்றது. எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் பேசிக்கொண்டே குழாய் பக்கம் வந்து, தண்ணீர் பாட்டிலின் மிச்சத்தைச் சாய்த்தாள். இரண்டாமவளும் சாய்த்தாள். மூன்றாமவள் கடைசிச் சொட்டு வரை தட்டினாள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பல் தேய்ப்பதுபோல் செய்துவிட்டுப் போனார்கள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். குழாயில், என் நெஞ்சு உயரத்தில், பக்கவாட்டில் ஒரு துளை. அதில் தலைகீழாகச் செருகிய அரை பாட்டில், புனல் மாதிரி. அதன் வாயில் ஈரம். பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம் இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

கடைசியாக வந்த பெண்ணை நிறுத்தினேன். “ஏம்மா, இதுல ஏன் தண்ணி ஊத்துறீங்க?”

“அண்ணாச்சி சொன்னாவ. டிரைவர் அண்ணாச்சி.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “யக்கா… நீங்க அவிய மவளா? அதே மூக்கு.”

அவள் பெயர் மாடத்தி. ஊர் சாத்தான்குளம் பக்கம். மூன்று வருடமாக அப்பாவின் பஸ்ஸில் வந்தவள்.

“எப்ப இருந்து ஊத்துறீங்க?”

“போன வருசத்துல இருந்துக்கா. விழுது பாதிக் குழாய் தாண்டிட்டு, இனிமே மேல ஊத்த வேண்டாம், நுனி எங்க இருக்கோ அங்க ஊத்துனாப் போதும்னு அண்ணாச்சி இந்த ஓட்டையப் போட்டாவ. ‘வண்டிய விட்டு எறங்கும்போது பாட்டில்ல தண்ணியோட எவளும் ரூமுக்குப் போகக் கூடாது’ன்னு சட்டம். எவளாச்சும் குடிச்சிக் காலி பண்ணிட்டு வந்தா, ‘ஒட்டகமா நீ’ம்பாவ.”

“மே மாசம்? அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ?”

“ஊத்துனோமே. மூணு ஷிஃப்ட்டும். அண்ணாச்சி போன் வேற போட்டாவ. மூச்சு வாங்குது, பேசாதியன்னு நான் வைதேன். ‘எம்மவ வந்தாளா அந்தப் பக்கம்’ன்னு கேட்டாவ. வரலியே அண்ணாச்சி, நாங்க ஊத்துதோம்னு சொன்னேன். ‘சரி, அப்பக் கவலை இல்ல, அவளுக்கு வேலை ஜாஸ்தி’ன்னு வச்சிட்டாவ.” பாட்டிலை மூடிவிட்டு நிமிர்ந்தாள். “ஏக்கா அழுதிய?”

நான் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். ஸ்ரீதர் பத்துக்குச் சரியாக வந்தார். ரம்பக்காரர்கள் இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்தார்கள். நான் கீழ்த் துண்டின் டியூப் பட்டைகளை அறுத்து, பாதிக் குழாயை இழுத்தேன். மண் கட்டியாக வந்து விழுந்தது. உள்ளே ஈரம். ஈரத்தின் நடுவில் விழுது.

அப்பா உள்ளே விட்டது மூன்று. வெளியே வந்தது ஒன்று. இறங்கும் வழியில் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, பட்டை சேர்ந்து, முறுக்கிய கயிறு மாதிரி ஒரே உடம்பாகியிருந்தன. ஆலுக்கு அந்தக் குணம் உண்டு. தன் வேரும் தன் வேரும் உரசினால் இணைந்துகொள்ளும். பருமன் என் மணிக்கட்டு அளவு. நகத்தால் கீறினேன். பால் வந்தது.

கீழே குழியைத் தோண்டினோம். இரண்டடியில் அப்பா போட்ட எருவை விழுது எப்போதோ தாண்டியிருந்தது. அதற்கும் கீழே, விரல் விரலாகப் பிரிந்து செம்மண்ணில் போயிருந்தது. மேலும் தோண்ட வேண்டாம் என்று ஸ்ரீதரே கையைக் காட்டினார்.

“புடிச்சிருக்கு” என்றார். பிறகு, “ஆனா மேடம், இவ்வளவு சன்னத்துக்கு அவ்வளவு பெரிய கிளை?”

நல்ல கேள்வி. நான் மீதிக் குழாய்களையும் கழற்றினேன். பையிலிருந்து ஸ்பிரிங் தராசையும் ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்தேன். எங்கள் பிளான்ட்டில் பெல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க நடுவில் இழுத்து, எவ்வளவு விலகுகிறது என்று அளப்போம். முதலில் அதே கிளையில் சும்மா தொங்கும் விழுதைச் சுண்டுவிரலால் தள்ளினேன். ஊஞ்சல் மாதிரி போனது. பிறகு அப்பாவின் விழுதைத் தராசில் மாட்டிப் பத்து கிலோவுக்கு இழுத்தேன். ஏழு மில்லிமீட்டர். விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது.

“தளர்வே இல்ல” என்றார் ஸ்ரீதர்.

“மண்ணப் புடிச்சதும் ஆலம் விழுது சுருங்கும் சார். தானா இறுக்கிக்கும். இப்ப இது தூண் இல்ல, கயிறு. காத்துல கிளை துள்ளாம இழுத்துப் புடிக்கும். எடை தாங்க இன்னும் சில வருசம் ஆகும். அதுவரைக்கும் நான் ஸ்டீல் ஸ்டாண்டு வெச்சுத் தரேன், வரைபடத்தோட. கயிறு தூணாகிற வரைக்கும்.”

அவர் தராசை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவை. பிறகு மேலே பார்த்தார்.

“கிளையோட நுனில ஒரு எட்டு அடி எடுத்துடலாம். வெயிட் குறையும். மீதி இருக்கட்டும். ஸ்டாண்டு பதினஞ்சு நாளைக்குள்ள வரணும்.”

ரம்பக்காரர்கள் நுனியை மட்டும் இறக்கினார்கள். ஸ்ரீதர் பெருக்கல் குறியின் மேல் தாரைப் பூசச் சொன்னார். நான் அங்கேயே நின்று அது முழுவதும் மறையும் வரை பார்த்தேன். தோள் இரண்டும் வலித்தன. மே மாதத்திலிருந்து அவற்றைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறேன் போல.

“எல்லப்பன் கட்டு அவுந்துச்சுப்பா” என்று கோதண்டம் மாமா எல்லோருக்கும் டீ போட்டார். “எலும்பு கூடிச்சி. கறி டீயே குடிங்கோ.”

ஷிஃப்ட் பஸ் வந்தது. பெண்கள் பாட்டிலோடு இறங்கி, குழாய் இல்லாததைப் பார்த்துத் திகைத்தார்கள்.

“யக்கா, இனி தண்ணி ஊத்த வேண்டாமா?” என்றாள் மாடத்தி.

“வேண்டாம். அதுவே எடுத்துக்கும்.”

“அப்போ மிச்சத்த என்ன செய்ய?”

“என் கடை வாசல்ல தெளிங்கடி, தூசு அடங்கட்டும்” என்றார் கோதண்டம் மாமா.

“உமக்கு எதுக்குவே ஊத்தணும்? நீரு என்ன வளரவா போறீரு?”

அவள் வழக்கம்போல விழுதின் அடியில்தான் ஊற்றினாள். மற்றவர்களும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியுமே” என்றாள்.

“என்ன தெரியும்?”

“உங்கப்பா அன்னிக்கே சொன்னாரு. நீ வூட்டுக்குப் போனதும் சிரிக்கிறாரு, சிரிக்கிறாரு, நர்சம்மா ஓடி வந்துட்டாங்க. இன்னாய்யான்னா, ‘மேலயாம் பாஞ்சாலி! ஏணி வெச்சாளாம்! மேல ஊத்துறத வுட்டு ஒரு வருசம் ஆச்சு. இவ்ளோ படிச்சும் ஒரு பொய் ஒழுங்கா வரல பாரு உன் பொண்ணுக்கு’ன்னாரு. அந்தப் பத்தொம்பது நாள்ல அவரு சிரிச்சது அது ஒண்ணுதான்.”

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டி இறக்கினாள்.

“நுனி வெட்டினாங்களே, அதுல விழுது எதுனா தொங்கிச்சா?”

“தொங்கிச்சு.”

“எடுத்தாந்தியா?”

எடுத்து வரவில்லை.

“இன்னாடி நீ! நாலு நுனி கெடைச்சிருந்தா எண்ணெய் காச்சியிருப்பேன். அலைஞ்ச அலைச்சல்ல பாதி முடி கொட்டிப் போச்சு உனுக்கு. போ, போய் கோதண்டத்துக்குப் போன் போடு. மாட்டுக்குப் போட்டுடப் போறான்.”

போன் போட்டேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.